பாதி கடல்நாய், பாதி பறவை

எங்கள் பனிக்கடலோர ஊர் ககோர்தோக்கில் மொத்தச் சாலையே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இங்கே டாக்ஸி ஓட்டுகிறவனுக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது. யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, எந்த முகத்தோடு போகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். அதனால்தான் ஓய்வு பெற்ற போலீஸ்காரி அமாலியே அக்கா தன் விசாரணைகளுக்கு வேறு வண்டியைக் கூப்பிடுவதில்லை. நான் அவளுடைய உதவியாளன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். டிரைவர் என்று அவள் சொல்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அக்காவோடு பின் சீட்டில் பார்மா உட்கார்ந்திருந்தாள். டிக்கியில் அவளுடைய நான்கு அட்டைப்பெட்டிகள். நான்கு மணிக்குத் தலைநகர் நூக் போகிற கப்பல். நூக்கில் அவள் தங்கை இருக்கிறாள்.

"போகச் சொன்னா போறேன் அக்கா," என்றாள் பார்மா. "பதினாறு வருஷம் குடும்பம் நடத்தின வீட்டு வாசல்ல என் துணிமணிய பெட்டி கட்டி வெச்சுட்டான். சரி, போறேன். ஆனா சாலிக்கோட சுத்தினவங்கற பேரோட போகமாட்டேன். கப்பல்லருந்து நான் இறங்கறதுக்கு முன்னாடியே அந்தப் பேரு நூக்ல இறங்கி நிக்கும்."

கடைசி வாக்கியத்தை என் பின்மண்டையைப் பார்த்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை இந்தச் செய்தியை நான் மூன்று பேரிடம்தான் சொன்னேன். அந்த மூன்று பேரும் ஊருக்கே ஒலிபரப்புவார்கள் என்றால் அது என் குற்றமா?

செய்தி இதுதான். பார்மாவின் புருஷன் ஏனோக் பனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். பெரிய ஆபீஸ் இல்லை, ஹெலிகாப்டர் தளத்தை ஒட்டி ஒரே ஓர் அறை, இரண்டே ஆட்கள். கிழக்குக் கரையிலிருந்து தென்முனையைச் சுற்றிக்கொண்டு பெரும்பனி மிதந்து வருகிற மாதங்களில், மேலே பறந்து அதைப் படம் பிடித்து, படங்களை ஒட்டி, எங்கே பனிப்பாளம், எங்கே தண்ணீர் என்று வரைபடம் போடுவார்கள். அந்த வரைபடம் கைக்கு வராமல் எந்தக் கேப்டனும் நங்கூரத்தைத் தூக்கமாட்டான். வியாழக்கிழமைப் படத்தில் ஒரு பெரிய பாளம். அதன் ஓரத்தில் பார்மாவின் சிவப்புப் படகு. அதற்கு எதிரே மூக்கோடு மூக்கு வைத்தாற்போல் சாலிக்கின் பச்சைப் படகு.

சாலிக் என்றால் ஊரில் ஆண்கள் யாருக்கும் ஆகாது. நல்ல வேட்டைக்காரன், நல்ல தலைமுடி. போதாக்குறைக்குப் படகில் புது எஞ்சின். கல்யாணத்துக்கு முன்னால் பார்மா இரண்டு குளிர்காலம் அவனோடுதான் ஆடிக்கொண்டிருந்தாள். என்னை விட்டுப் போன என் மனைவிகூட ஒருமுறை, 'சாலிக்குக்குச் சிரிக்கத் தெரியும்' என்றாள். பதினோரு வருஷம் ஆகிறது. நான் மறந்தாயிற்று.

"வியாழக்கிழமை எங்க போன?" என்று அக்கா கேட்டாள்.

"காட் மீன் புடிக்க."

"பனிகிட்ட?"

"வர்ற வழியில காபித் தண்ணிக்கு உருக்க ஐஸ் எடுக்க நின்னேன். பழைய நீலப் பனி, ரெண்டு வாளி. இதையெல்லாம் யாராவது வீட்டுக்கு வந்து சொல்லிட்டிருப்பாங்களா?"

சொல்லமாட்டோம்தான். குழாய்த் தண்ணீர் காபியை விருந்தாளிக்கு நீட்டினால்தான் அது செய்தி.

"எத்தனை மணிக்கு?"

"கடிகாரத்தப் பாக்கல. வயித்தப் பார்த்தேன், பசிச்சுது."

"சாலிக் இருந்தானா?"

"ஒரு ஆளு இல்ல. பறவைங்கதான் கத்திட்டு கெடந்துது."

"அவன் இருந்தான்னு உன் புருஷன் சொல்றான். படமும் சொல்லுது."

"படத்த நானும் பாத்தேன் அக்கா. பாத்ததும் எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சு."

*

பனி அலுவலகத்தில் ஏனோக் எங்களை எதிர்பார்த்திருந்தான் போலிருக்கிறது. பார்மா வண்டியை விட்டு இறங்கவில்லை. அவனும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, திரும்பாமல் இருப்பதற்குக் கழுத்து ரொம்பப் பாடுபட்டது.

ஒல்லியான ஆள், சுத்தமான ஆள். பென்சில்களை உயர வரிசையில் அடுக்கி வைத்திருப்பான். சுவர் முழுக்கத் தகரப் பெட்டிகள், பெட்டி முழுக்கத் துண்டுச்சீட்டுகள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடத்தில் எவ்வளவு பனி. சேர்ந்த முதல் வாரத்தில் எழுதிய சீட்டுகூட உள்ளே இருக்கும். தன் கல்யாணப் போட்டோவின் பின்னாலேயே நேரம் எழுதி வைத்தவன் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

காபி ஊற்றி எங்கள் முன்னால் மேசைமேல் வைத்தான். நான் பழக்கதோஷத்தில் முழங்காலை விலக்கிக்கொண்டேன். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அங்கே காபி குடித்தவர்களில் பாதிப்பேர் பேன்ட்டால் குடித்தவர்கள். அன்றைக்கு ஒன்றும் சிந்தவில்லை. நிம்மதியாகக் குடித்தேன்.

"படத்தக் காட்டு," என்றாள் அக்கா.

எடுத்து வைத்தான். இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்டிய படம். பாளத்தின் இடது பாதி ஒரு துண்டில், வலது பாதி இன்னொரு துண்டில். ஒட்டின இடம் மயிரிழையாகத்தான் தெரிந்தது. இடது பாதியில் பச்சைப் படகு, வலது பாதியில் சிவப்பு.

"பதினெட்டு வருஷமா மேலருந்து பாக்கறேன் அக்கா. எம் பொண்டாட்டி படக எனக்குத் தெரியாதா?"

"தெரியும். யார் எடுத்த படம்?"

"இவாலு. வியாழக்கிழமை அவ முறை. ஒட்டினதும் அவதான். வெள்ளிக்கிழமை காலைல என் மேசைல இருந்துது."

என் காது தானாக நிமிர்ந்தது. இவாலு இந்த அலுவலகத்தின் இன்னோர் ஆள். சாலிக்கின் மனைவியும் அவளே. புருஷனின் படகை இன்னொருத்தியின் படகோடு சேர்த்துத் தன் கையாலேயே ஒட்டியிருக்கிறாள். இது தெரியாமல் மூன்று பேரோடு நிறுத்திவிட்டேனே.

"ஏன் ரெண்டு துண்டு?" என்றாள் அக்கா.

"போறப்ப ஒரு வரிசை எடுப்போம், திரும்பறப்ப ஒரு வரிசை. அப்புறம் பாளத்தோட விளிம்ப விளிம்போட பொருத்தி ஒட்டுவோம். கடல்ல வேற எத வெச்சு பொருத்தறது? எல்லாமே மெதக்குது."

"போறதுக்கும் வர்றதுக்கும் நடுவுல?"

ஏனோக் ஒரு பென்சிலை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தான். "நாலு மணி நேரம் ஆகும். தெக்க போய் எண்ணெய் போட்டுட்டு வரணும்."

"அப்ப இந்தப் படகு காலைலயும் அந்தப் படகு மத்தியானமும் நின்னிருக்கலாம்."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். இந்தப் பாளத்துக்கு மேல போறப்ப ரெண்டு தடவ எடுத்திருந்தா? நேரம் எழுதியிருந்தா சொல்லிடலாம். இவாலு எழுதல. அதுக்கு நான் என்ன பண்ண?"

அக்கா கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். அது பூதக்கண்ணாடி இல்லை, அவள் பின்னல் வேலைக்கு வைத்திருக்கும் கண்ணாடி. ஒரு ஓரத்தில் கம்பளி நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டின கோட்டின் மேலேயே அதை நகர்த்திக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"கெர்த், இங்க என்ன தெரியுது?"

குனிந்தேன். "கடல்நாய், அக்கா. சாலிக் அறுத்துட்டிருக்கான். முடி காத்துல பறக்குது. எப்பவும் அப்படித்தான் பறக்கும் அந்த முடி."

"முடிய விடு. கடல்நாய் முழுசா இருக்கா?"

கடல்நாயின் தலையும் பாதி உடம்பும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தன. மீதிப் பாதி கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அங்கே வால் இல்லை. ஒரு சிவப்புக் கறையும், அதன்மேல் முப்பது நாற்பது கடற்பறவைகளும் இருந்தன. குடலைக் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தன.

"பாதி கடல்நாய், பாதி பறவை," என்றேன். "புது மிருகம். கண்டுபிடிச்சவன்னு என் பேர வெச்சுக்கலாமா?"

"கத்தியோட ஒருத்தன் நிக்கறான்," என்றாள் அக்கா ஏனோக்கைப் பார்த்து. "அவன் கைக்கு ஒரு முழம் தள்ளி நாப்பது பறவ நிம்மதியா உக்காந்து தின்னுட்டிருக்கு. நம்ம ஊர்ப் பறவைக்கு அவ்வளவு தைரியம் இல்லப்பா. சாலிக் காலைல வந்தான், அறுத்தான், கறிய எடுத்துட்டுப் போயிட்டான். அவன் போனப்புறம் பறவ வந்துது. பறவ தின்னுட்டிருக்கறப்பதான் பார்மா ஐஸ் எடுக்க வந்தா. ரெண்டு பேரும் ஒரே பாளத்துலதான் இருந்தாங்க. ஒரே நேரத்துல இல்ல."

ஏனோக் குனிந்து பார்த்தான். நான் எண்ணினேன், மூன்று வினாடி.

"ஓ," என்றான். "எனக்கு இது தோணல."

"அப்ப பெட்டிய இறக்கச் சொல்லலாமா?"

"இது இவாலு வேலை அக்கா. அவளுக்குப் புருஷன் மேல சந்தேகம், பொறாமை. நேரத்த எழுதாம வேணும்னே ஒட்டி என் மேசைல வெச்சுட்டா. நான் வெள்ளந்தியா நம்பிட்டேன். மொதல்ல அவளக் கேளுங்க."

வண்டியில் ஏறினதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "முடிஞ்சுது அக்கா. இவாலுதான். அப்படி ஒரு புருஷன் இருந்தா எவளுக்குத்தான் பொறாமை வராது?"

"நீ அந்தப் புருஷனப் பாத்துதான பொறாமப்படற? பொண்டாட்டி மேல ஏன் ஏத்தற? வண்டிய எடு."

கொஞ்ச தூரம் போனபின் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: "நான் ரெண்டு நிமிஷத்துல பாத்தத பதினெட்டு வருஷக்காரன் மூணு நாளா பாக்கல. படத்துக்கு மூணு பக்கம் வெள்ள ஓரம் இருந்துது. அடியில இல்ல."

கடிகாரம் இரண்டு பத்து.

*

அன்றைக்கு இவாலுவின் மகனுக்கு ஏழாவது பிறந்தநாள். வீட்டில் காபிமிக். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், காபி குடித்து, கேக் தின்று, அடுத்தவனுக்கு நாற்காலியை விட்டு எழுந்தால் போதும். துப்பறிகிறவர்களுக்கு இதைவிட வசதியான வழக்கம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

வாசலில் கழற்றிப் போட்ட செருப்பும் பூட்ஸும் மலைபோல. ஒரு பார்வையில் உள்ளே யார் யார் என்று சொல்லிவிடுவேன். சாலிக்கின் பூட்ஸ் நடுவில் கிடந்தது. புதுசு. பார்மா வண்டியிலேயே தலையைத் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா இவாலுவை அடுப்பங்கரைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். நான் ஒரு துண்டு கேக்கோடு கதவருகே நின்றேன், தற்செயலாக.

"உன் புருஷன் மேல உனக்கு சந்தேகமாடி?" என்று அக்கா நேராகக் கேட்டாள்.

இவாலு சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மாவு பறந்தது. "சாலிக் மேலயா? பூட்ஸ ஒரு எடத்துல வெச்சுட்டு ஒம்போது எடத்துல தேடறவன் அக்கா. அவன் எங்க ரெண்டு பொம்பளைய வெச்சு சமாளிக்கப் போறான்? வியாழக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் எங்கம்மா வீட்ல உக்காந்து சூப் குடிச்சுட்டிருந்தான். மூணு தட்டு. அம்மா இன்னும் சொல்லிட்டிருக்கா."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு அழகான ஒருவனுக்கு மூன்று தட்டு சூப்தான் ரகசியம் என்றால் ஊர் எப்படி உருப்படும்?

"அந்தப் படத்த ஒட்டினது நீதான?"

"நான்தான். போறப்ப அவன் படகு, வர்றப்ப பார்மா படகு. ஒட்டிப் பாத்தா மூக்கோட மூக்கு. ஏனோக் பாத்தா சிரிப்பாருன்னு நெனச்சேன். அவரானா..." அவள் முகம் மாறியது. "பார்மாகிட்ட நான் சொல்றதா இருந்தேன் அக்கா. ரெண்டு பேருக்கும் நடுவுல வேற ஏதோ இருக்கும்போலன்னு விட்டுட்டேன். நேரத்தப் பாத்தாலே யாருக்கும் புரிஞ்சுடுமே."

"எந்த நேரத்த?"

"கீழ ஓரத்துல எழுதியிருந்தேனே. சிவப்புப் பென்சில்ல. இந்தப் பாதி ஒம்போது அம்பது, அந்தப் பாதி பதினாலு அஞ்சு."

"எழுதலன்னு அவன் சொல்றான்."

"அவரா?" இவாலு கையைத் துடைத்துக்கொண்டாள். இப்போது சிரிப்பில்லை. "எழுதாம வெச்சா மூஞ்சில எறிவாரு அக்கா. நேரம் இல்லாத படம் சுவர்ல ஒட்டற காகிதம்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்."

"அப்ப வெட்டித் தூக்கிப் போட்டிருப்பான்," என்றேன் நான், கேக்கோடு.

"போடமாட்டாரு. நேரம் எழுதின காகிதத்த அவரால எறிய முடியாது. போன வருஷம் ஒரு சீட்டுல காபி கொட்டுச்சுன்னு நான் குப்பைல போட்டேன். தோண்டி எடுத்துக் காயவெச்சாரு."

அக்கா தன் கோப்பையை அடுப்பங்கரை மேசைமேல் வைக்கப் போனாள். பாதி வழியில் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கெர்த், அங்க காபிய எங்க வெச்சு குடிச்ச?"

"மேசை மேல."

"பேன்ட் நனஞ்சுதா?"

பாதி தின்ற கேக்கை அங்கேயே வைத்தேன். நான் எதையும் பாதியில் வைக்கிறவன் இல்லை.

*

நாங்கள் திரும்பி வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. இந்தமுறை அக்கா பார்மாவையும் கையைப் பிடித்து இறக்கினாள். துறைமுகத்தில் கப்பலின் முதல் ஊதல்.

ஏனோக் அன்றைய வரைபட வேலையில் இருந்தான். காலையில் அவனே பறந்து பார்த்து வந்த பனி. கேப்டன் அதற்காகத்தான் காத்திருக்கிறான். பார்மாவைப் பார்த்ததும் எழுந்தான், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவன்போல உட்கார்ந்தான்.

"கெர்த்," என்றாள் அக்கா, "மேசையத் தூக்கு."

தூக்கினேன். அக்கா குனிந்து குட்டைக் காலுக்கு அடியிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை உருவினாள். நான் மேசையை விட்டேன். பழையபடி டொக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. பென்சில்கள் உருண்டன. ஏனோக் பிடிக்கவில்லை.

காகிதம் விரல் அகலம், ஒரு முழத்துக்குக் குறைவான நீளம். போட்டோவின் அடி ஓரம். சிவப்புப் பென்சிலில் இரண்டு நேரம்.

ஏனோக்தான் முதலில் பேசினான், மேசையைப் பார்த்துக்கொண்டே.

"பதினாறு வருஷமா ஒவ்வொரு தடவ பறக்கறப்பவும் நான் பனிய மட்டும் பாக்கல அக்கா. சிவப்புப் படகு எங்க இருக்கு, பக்கத்துல எது இருக்குன்னு பாத்துட்டேதான் இருந்தேன். ஒரு நாளும் ஒண்ணும் கெடைக்கல. கெடைக்கலன்னா நிம்மதியா இருக்கணும் இல்ல? இன்னும் நல்லா மறைக்கறான்னுதான் தோணும். வெள்ளிக்கிழமை கெடைச்சுது. அப்பாடான்னு இருந்துது. அப்புறம் கீழ பாத்தா நேரம் எழுதியிருக்கு."

"வெட்டிட்ட."

"ஆமா."

"அடுப்புல போட்டிருந்தா நான் உன்ன புடிச்சிருக்கவே முடியாது."

ஏனோக் தலையை நிமிர்த்தினான். இப்படியும் ஒருத்தி கேட்பாளா என்கிற மாதிரி இருந்தது முகம். "நேரம் எழுதியிருக்கே அக்கா."

பதினாறு வருஷப் பெண்டாட்டியைப் பெட்டி கட்டி வாசலில் வைக்க முடிந்தவனுக்கு ஒரு துண்டுச்சீட்டை எறியக் கை வரவில்லை. எனக்கு ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. அக்கா பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

ஏனோக் பார்மாவிடம் திரும்பினான். "பெட்டிய நானே இறக்கறேன். வீட்டுக்கு வா."

பார்மா அக்காவின் கையிலிருந்து அந்த ஓரத்தை வாங்கிப் படித்தாள். இரண்டே எண்கள். ஆனால் நிறைய நேரம் படித்தாள்.

"நீ சந்தேகப்பட்டு விரட்டறன்னு நெனச்சப்ப ரெண்டு நாள் அழுதேன்," என்றாள். "நான் ஒண்ணும் பண்ணலன்னு தெரிஞ்சுட்டே விரட்டியிருக்க. அதுக்கு அழுகை வரலப்பா."

காகிதத்தைக் கோட்டுப் பையில் வைத்தாள். பிறகு அவனுக்கு முன்னால் இருந்த வரைபடத்தைக் காட்டினாள்.

"கப்பலுக்கு வழி இருக்கா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வரைபடத்தில் கடைசிக் கோடு இன்னும் போடவில்லை. முனைக்கு வெளியே பனி அடைத்துக்கொண்டது என்று அவன் நான்கு இழுப்பு இழுத்தால் போதும், கப்பல் நகராது. புதன் வரை, நினைத்தால் அடுத்த வாரம் வரை. அவன் சொல்வதைச் சரிபார்க்க இன்னோர் ஆள் கிடையாது. இவாலு கேக் வெட்டிக்கொண்டிருக்கிறாள். துறைமுகத்தில் கேப்டன் காத்திருக்கிறான். பார்மா எதிரே நிற்கிறாள். எல்லாம் அந்தப் பென்சில் முனையில் இருந்தது.

ஏனோக் வரைபடத்தைப் பார்த்தான், பார்மாவைப் பார்த்தான், மறுபடி வரைபடத்தைப் பார்த்தான். இரண்டாவது ஊதல் கேட்டது.

"இருக்கு," என்றான்.

ஆடுகிற மேசையை முழங்காலால் அண்டக் கொடுத்துக்கொண்டு, தீவுகளுக்கு உள்பக்கமாக ஒரு கோடு இழுத்தான். நேர்கோடு. அடியில் நேரம் எழுதினான், 15:41. நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

வரைபடத்தைக் கேப்டனிடம் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. துறைமுகத்துக்கு இறங்கும்போது அக்கா சொன்னாள்: "வெள்ளிக்கிழமை மூணு பேருகிட்ட சொன்னியே."

"மூணே மூணு பேரு அக்கா."

"சாயந்திரம் அதே மூணு பேரு. அதே வேகம்."

கப்பல் ஏணியடியில் நான் பெட்டிகளை இறக்கினேன். பார்மா ஒரு பெட்டியைப் பிரித்து, துணிகளுக்கு நடுவிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு படத்தை எடுத்தாள். கல்யாணப் போட்டோ. ஏனோக்குக்கு அதில் தலைமுடி இருந்தது, பார்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத அவன்கிட்ட குடுத்துடுண்ணே."

"எங்கிட்ட குடுத்து என்னம்மா? அவன் கோவத்துல தூக்கி எறிஞ்சுட்டா?"

"எறியமாட்டான்," என்றாள் பார்மா ஏணியில் ஏறிக்கொண்டே. "பின்னாடி திருப்பிப் பாரு."

திருப்பிப் பார்த்தேன். பென்சிலில், சின்ன எழுத்தில், 14:20.